கலாஸ்

12.6.2006, ஷார்ஜா கேம்ப்
இன்றும் விடியுமுன் பஸ்ஸை எடுத்தேன். ஆட்களைத் துபாய் சைட்டில் இறக்கிவிட்டு வந்தால், அடுத்த ஷிப்ட் ஆட்கள் கேட்டில் நிற்கிறார்கள். எனக்குக் கட்டில் என்று ஒன்று இருப்பது பெயருக்குத்தான். கண் சொருகினால் பச்சை மிளகாயைக் கடித்துக்கொள்கிறேன். கிச்சனில் எனக்கு மிளகாய்த் திருடன் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

15.6.2006
இன்னொரு பஸ் ஓட்டும் கோபாலசாமி ஸ்டியரிங்கிலேயே தூங்கி, மணல் லாரியில் இடித்துவிட்டான். ஒரு கால் போயிற்று. மேனேஜர் கேட்ட முதல் கேள்வி, "பஸ்ஸுக்கு எவ்வளவு அடி?" பாவிப்பயல். நல்லாவே இருக்க மாட்டான்.

17.6.2006
எங்கள் ரூமில் இருக்கும் சிவகங்கை டிரைவர் ராக்கப்பன் அண்ணன் எல்லோரையும் கூப்பிட்டார். "பஸ்ஸுக்கு ரெண்டு டிரைவர் போடட்டும். அதுவரைக்கும் ஒரு பய சாவியத் தொடக் கூடாது."
ஸ்ட்ரைக் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இந்த ஊரில் அது குற்றம். நானும் சரி என்றேன். ஆனால் ஊரில் என் மனைவி அகிலாவுக்கு இது ஏழாம் மாசம்.

19.6.2006
சாவிகளை மேனேஜர் மேசையில் போட்டோம். மதியத்துக்குள் முதலாளி அரபி வந்தார். மேனேஜர் எங்கள் கோரிக்கையைச் சொல்ல, அவர் கைகளைத் தூசி தட்டுவதுபோல் தட்டி, "கலாஸ்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார்.
இங்கே எது முடிந்தாலும் கலாஸ்தான். டியூட்டி விட்டால் கலாஸ். ரசம் தீர்ந்தால் கலாஸ். அப்படியானால் பிரச்சினையும் கலாஸ்! அண்ணன் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "செயிச்சுட்டோம்டா தம்பி!"
சாயங்காலம் வரை அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன். எத்தனை நாளாயிற்று!

20.6.2006
கலாஸ் என்றது எங்களை.
எல்லோருக்கும் விசா கேன்சல். மேனேஜர் பெயர்களைப் படித்தார். என் பெயர் வந்ததும் அண்ணன் குறுக்கே விழுந்தார். "நஹி பாய், இவன் எங்ககூட வரல. காய்ச்சல்ல கெடந்தான்." என் பக்கம் திரும்பவே இல்லை.
இல்லை, நானும்தான் சாவியைப் போட்டேன் என்று ஒரு வார்த்தை. அதுக்குக்கூட வாய் வரலியே எனக்கு? என்ன மனுசன் நான்?

21.6.2006
அவர்களை ஏர்போர்ட்டில் விட பஸ் ஓட்ட ஆள் வேண்டுமாம். கேம்பில் மிச்சமிருந்த டிரைவர் நான் ஒருவன்தான். ஓட்டினேன்.
இறங்கும்போது அண்ணன் மட்டும், "பாத்து ஓட்டுடா. தூங்கிராத" என்றார்.

23.6.2006
எழுத ஒன்றுமில்லை.

9.7.2006
புது ஆட்கள் வரும்வரை சமாளி என்கிறார் மேனேஜர். எப்போது வருவார்கள் என்று கேட்க எனக்கு வாயேது?
இன்று ரோலா சிக்னலில் கண்ணயர்ந்துவிட்டேன். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்துத்தான் விழித்தேன். பஸ்ஸுக்குள் யாருக்கும் தெரியாது. அத்தனை பேரும் என்னை நம்பித் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.
மிளகாய் இப்போதெல்லாம் உறைப்பதில்லை.