நாற்காலி இரவல் வாங்கிய அம்மாவுக்கு

என் ஆசை அம்மா,

இன்றைக்கும் நீ பஸ்ஸில் வந்தாய். போளூர் தாண்டி மலை நீலமாகத் தெரிய ஆரம்பிக்கும்போது எனக்குக் கண் சொக்கும். அப்போதெல்லாம் மடியில் சீதாப்பழக் கூடையோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பாய். என் கறுப்புக் கோட்டைத் தடவிப் பார்த்து, "இந்த வெயில்ல இன்னாத்துக்குடி இது?" என்பாய். பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கண்டக்டர் விசில் ஊதிவிடுவார்.

ஆமாம், வக்கீலாகிவிட்டேன். நீ போய் இரண்டு வருஷம் கழித்து. மலையிலிருந்து பிழைக்க இறங்கி, அடிவாரத்தில் குடிசை போட்டு, கலசப்பாக்கத்து வயல்களில் நாற்று நட்ட குப்பம்மா மகளை இப்போது கோர்ட்டில் "மேடம்" என்கிறார்கள். சிரிக்காதே. முதல் தடவை கூப்பிட்டபோது வேறு யாரையோ என்று நானும் திரும்பிப் பார்த்தேன்.

பக்கத்துத் தெரு மலருக்கு நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. இந்த மாதத்துக்குள் பழங்குடிச் சான்று கொடுக்காவிட்டால் இடம் போய்விடும். அடிவாரத்தில் குடியிருப்பவர்கள் நிஜமாகவே மலைச்சனம்தானா என்று வீட்டுக்கே வந்து பார்த்துத்தான் எழுதுவார்களாம். உனக்குத் தெரியாததா அம்மா?

எனக்காக அப்படி ஓர் அதிகாரி வரப்போகிறார் என்றதும் நீ பண்ணின கூத்து இருக்கிறதே! விடியற்காலையிலேயே சாணி மெழுகி, தெருவெல்லாம் சுற்றி நான்கு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு மேஜை விசிறியும் இரவல் வாங்கி வந்தாய். சாமைக் களியை மூடி வைத்துவிட்டு நெல்லுச்சோறும் கோழிக் குழம்பும் ஆக்கினாய். தேன் சட்டியையும் கடுக்காய் மூட்டையையும் கொல்லையில் தள்ளிச் சாக்கைப் போட்டாய்.

"வர்றவரு நம்மளக் கேவலமா நெனச்சிடக் கூடாது கண்ணு" என்றாய். கல்யாணப் புடவையில் அன்று நீ அவ்வளவு அழகாக இருந்தாய். வந்தவர் விசிறிக்கு நேராக உட்கார்ந்தார், சுற்றிலும் பார்த்தார், காப்பி குடித்தார். மலைவாழ் மக்களுக்குரிய அடையாளம் எதுவும் இந்த வீட்டில் காணப்படவில்லை என்று எழுதி அனுப்பிவிட்டார். சட்டக் கல்லூரியில் கிடைத்த இடம் அந்த வருஷம் போயிற்று.

அதனால்தான் மலர் விஷயத்தில் எனக்கு உதறல். என் சீனியர் நல்லவர். "டிவிய எடுத்து மறைக்கச் சொல்லும்மா. கிழிஞ்ச பொடவையா கட்டிக்கச் சொல்லு, வேலை முடிஞ்சிடும்" என்றார். சொல்லிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஒரு வருஷம் போவது என்றால் என்னவென்று எனக்குத்தானே தெரியும்?

ஆனால் மலரின் அம்மா என்னிடம் வந்து, "இன்னா மேடம், டிவிய தூக்கிடட்டுங்களா?" என்று கேட்டபோது அந்த முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. "வூடு எப்பிடி இருக்குதோ அப்பிடியே இருக்கட்டும்க்கா" என்றேன்.

நேற்று அதிகாரி வந்தார். நானும் போய் நின்றேன். "டிவியெல்லாம் இருக்குதே" என்று இழுத்தார். "மலைச்சனம் டிவி பாக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல சார் இருக்குது?" என்றேன். அவர் மலரின் தாத்தா பெயரில் மலையில் இருக்கும் நிலப் பட்டாவின் நகலை வாங்கிக்கொண்டு, "எழுதி அனுப்புறேன்" என்று வண்டியேறிப் போய்விட்டார்.

வண்டிச் சத்தம் அடங்கியதும் மலர் தன் அம்மா பக்கம் திரும்பினாள். "எடுத்து மறைன்னு தலதலையா அடிச்சிக்கினேனே, கேட்டியா? சான்று வரலன்னா எல்லாம் உன்னாலதான்." அந்த அம்மா காப்பி டம்ளரைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

"அவங்களச் சொல்லாத மலர், சொன்னது நான்" என்றேன். அந்த அம்மா கையிலிருந்த டம்ளர்களை வாங்கிக் கழுவப் போனேன்.

ஏனென்று உனக்குப் புரிந்திருக்கும். எனக்குச் சான்று இல்லையென்று கடிதம் வந்த அன்று, "எல்லாம் உன்னாலதான்" என்ற அதே வார்த்தையைத்தான் நான் உன் முகத்துக்கு நேரே சொன்னேன். நீ இன்னொரு தடவை அவர் வருவாரோ என்று திருப்பாமல் வைத்திருந்த நாற்காலிகளைக் கழுவித் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாய். மறுவருஷம் தனியாக மலையேறிப் போய், மாமாவிடம் இருந்த தாத்தா பட்டாவை வாங்கி வந்து சான்றை வாங்கியே விட்டாய். கல்லூரியிலிருந்து லீவுக்கு வரும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று நினைப்பேன். அடுத்த லீவுக்குப் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். நாலே நாள் காய்ச்சலில் நீ போய்விட்டாய்.

நீ எதையும் கெடுக்கவில்லை அம்மா. வீட்டுக்கு வந்த மனிதரை மதித்தாய், அவ்வளவுதான். நான் சொன்னதுதான் தப்பு.

மலருக்கு இல்லையென்று எழுதினால் மேல்முறையீடு போடுவேன், சென்னை வரைக்கும் போவேன். படிப்பு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், தன் அம்மாவிடம் சொன்ன அந்த வார்த்தையை அவள் திரும்ப வாங்கிக்கொள்ளும் வரைக்கும் அவளை விடமாட்டேன். அவளுக்கு அம்மா இருக்கும்போதே. இது உன்மேல் சத்தியம்.

உன் வாய்த்துடுக்கு மகள்,
மகேஸ்வரி