அரிசி மூட்டைமேல் வைத்த ரைபிள்

அக்கா,

இன்று காலை கிளப்பில் ஒரு புது ரைபிள் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளேயிருந்து எண்ணெயும் புது மரமும் கலந்த வாசனை வந்தது. தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுத் துடைத்த பிறகு உங்கள் கடையில் ஒரு வாசனை நிற்குமே, அதற்குச் சித்தப்பா மகள் மாதிரி. எல்லாரும் குனிந்து குழலைப் பார்த்தார்கள். நான் அலமாரியின் அடித்தட்டிலிருந்து நம் காக்கி மூட்டையை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். குழி விழவில்லை. அதன் பிறகுதான் ரைபிளைப் பார்த்தேன்.

நீங்கள் எங்கள் கிளப்புக்கு வந்தது சுடுவதற்காக இல்லை. கோட்டு தைக்க வந்தீர்கள். குப்புறப் படுத்துச் சுடுகிறவர்கள் போடும் தடித்த கேன்வாஸ் கோட்டு. வெளியிலிருந்து வாங்கினால் கட்டாது என்று செக்ரட்டரி சார் மந்தாரக்குப்பம் கடைவீதியில் உங்கள் கடையைப் பிடித்தார். அளவு கொடுக்க நான் வந்தேன். நின்று கொடுத்த அளவு உங்களுக்குப் போதவில்லை. "சுடும்போது எப்படிப் படுப்பியோ அப்படியே படு" என்று கடை நடுவே என்னைக் குப்புறப் படுக்க வைத்து, முழங்கையைச் சுற்றி டேப்பை ஓட்டினீர்கள். ஜாக்கெட் வாங்க வந்த ஓர் அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏம்மா, பொண்ணுக்கு மயக்கமா?"

"மயக்கம் இல்லீங்க. துப்பாக்கி சுட்டுகினு இருக்குது."

அந்த அம்மா ஜாக்கெட்டை வாங்காமலே போய்விட்டார். நீங்கள் சிரித்த சிரிப்பில் வாயில் வைத்திருந்த குண்டூசி கீழே விழுந்தது. இருவரும் தரையில் தவழ்ந்து தேடினோம். என் பையிலிருந்து நழுவி விழுந்த புத்தகத்தை எடுத்துக் கொடுத்து, "இன்னா, துப்பாக்கி சுடுற எடத்துலயும் படிப்பியா?" என்றீர்கள். அன்றிலிருந்து எனக்கு உங்கள் வாயில் 'லைப்ரரி' என்றுதான் பேர். குவார்ட்டர்ஸில் பத்து வருடமாக அடுத்த வீட்டில் இருப்பவர்களுக்குக்கூட நான் என்ன படிக்கிறேன் என்று தெரியாது. நீங்கள் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கோட்டைக் கொடுக்க வந்த ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஒரு தடவை என்று ஏர் ரைபிளைக் கையில் வாங்கினீர்கள். மூன்றாவது குண்டு நடுவில் போய் உட்கார்ந்தது. "ஊசில நூல் கோக்கிறவளுக்கு இதெல்லாம் பெரிய ஓட்டைங்க" என்று செக்ரட்டரி சாரிடம் சொல்லிவிட்டு, உறுப்பினர் படிவத்தையும் அங்கேயே கேட்டு வாங்கிக்கொண்டீர்கள்.

அப்போது கிளப்பில் இருந்த பாயிண்ட் டூ டூ, அதாவது சிறு தோட்டா போடும் ரைபிள், ஒன்றே ஒன்று. குழலுக்குள் இருக்கும் வரிகள் தேய்ந்துபோன கிழம். முதலில் ஆண்கள் முறை. நம் முறை வரும்போது மணி பதினொன்றாகிவிடும். நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டிய மண்மேடுதான் நம் குண்டு தாங்கும் சுவர். அந்த நேரத்தில் மேட்டின் முன்னால் கானல் எழுந்து, இலக்குத் தாள் தண்ணீருக்குள் கிடப்பது போல ஆடும். "நம்ம முறையில தாளும் டான்ஸ் ஆடுது" என்பீர்கள். சிரித்துக்கொண்டேதான் சொல்வீர்கள். ஆனால் இரண்டு முறை கமிட்டியில் எழுந்து நின்று கேட்டதும் நீங்கள்தான்: பெண்களுக்குத் தனியாக ஒரு ரைபிள் வேண்டும்.

அதற்குத்தான் அப்போது ஒரு புது ரைபிளை டீலர் கொண்டுவந்தார். உள்நாட்டுத் தயாரிப்பு. ஒவ்வொரு தடவையும் குழலின் பின்பக்கத்து போல்ட்டைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்ற வேண்டும். வெளிநாட்டு ரைபிள் ஒன்றின் விலைக்கு இதில் மூன்று வாங்கலாம். அதனாலேயே கமிட்டியில் பாதிப் பேருக்குச் சந்தேகம். முடிவு இதுதான்: ஐம்பது மீட்டரில், மூட்டைமேல் வைத்து, ஐந்து ஐந்து குண்டாக ஐந்து தாள். சராசரியாக ஐந்து குண்டும் இருபத்தைந்து மில்லிமீட்டருக்குள் விழுந்தால் வாங்கிப் பெண்கள் முறைக்குக் கொடுப்பது. விழாவிட்டால் ரைபிள் அன்று மதியமே டீலரோடு திரும்பிப் போகும். நல்ல வெளிநாட்டு ரைபிள் வாங்கப் பணம் சேரும்வரை அந்தப் பேச்சே கிடையாது. சுட்டுப் பார்த்து அறிக்கை எழுத வேண்டியவள் நான்.

நீங்கள் பையிலிருந்து இரண்டு பட்டன் எடுத்து என் பக்கத்தில் வைத்தீர்கள். ஒன்று சட்டைப் பட்டன், ஒன்று கோட்டுப் பட்டன். "உங்க மில்லிமீட்டரு எனக்கு வாணாம். அஞ்சு ஓட்டையையும் கோட்டுப் பட்டன் மறைச்சா நம்ம ரைபிள். சட்டைப் பட்டன் மறைச்சா சாமி ரைபிள்."

ரைபிளைத் தாங்கும் மூட்டைகளும் உங்கள் கைவேலைதான். ஒரு மாதத்துக்கு முன்புதான் தைத்துக் கொடுத்திருந்தீர்கள். மணல் கிடைப்பது பாடாக இருந்தது. உங்கள் வீட்டுக்காரர் வடக்குத்துப் பக்கம் சாம்பல் செங்கல் போடும் பட்டறையில் வேலை பார்த்தார்; அனல்மின் நிலையத்துச் சாம்பல் வீட்டிலேயே கோணி கோணியாகக் கிடந்தது. அதை நிரப்பிவிட்டீர்கள். "மணலு குத்தும். இது மாவு மாதிரி. துப்பாக்கிக்கு மெத்தை போட்டிருக்கேன் பாருங்க" என்று எல்லாரையும் தொட்டுப் பார்க்கச் சொன்னீர்கள். எல்லாரும் தொட்டுப் பார்த்தோம். நன்றாகத்தான் இருந்தது.

முதல் தாளைக் கொண்டுவந்தபோது ஐந்து ஓட்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. இடமும் வலமும் ஒரு நூல்கூட விலகவில்லை. மேலும் கீழும் மட்டும் என் சுண்டுவிரல் நீளம். இரண்டாவது தாளும் அப்படியே. மூன்றாவதும்.

"இது இன்னாடி ஜிப்பு மாதிரி இருக்குது?" என்றீர்கள். பட்டனை வைத்துப் பார்க்கவே இல்லை.

சுரங்க வொர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த குமரேசன் அண்ணன் வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்தார். "நான் அப்பவே சொன்னேன்ல? மலிவு மலிவுதான். குழல் சூடானதும் குனியுது."

"அஞ்சு குண்டுல சூடாவுற குழலா? எங்க இஸ்திரிப் பெட்டியே அதைவிட நேரமாவும்."

"இஸ்திரிப் பெட்டியும் ரைபிளும் ஒண்ணாம்மா?"

"ரெண்டும் மடிப்பு நேரா விழணும்ணே."

நீங்கள் வாயாடிக்கொண்டிருந்தீர்களே தவிர, முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை. எனக்கு வேறு கவலை. விசையை அழுத்தும் அந்தக் கடைசி நொடியில் குழல் நுனியிலிருக்கும் முன்குறி இலக்கிலிருந்து மெதுவாக நழுவுவதை நான் பார்த்திருந்தேன். அதை என் மூச்சு என்று நினைத்துக்கொண்டேன். நாலாவது தாளில் மூச்சை முழுதாக அடக்கினேன். அதுவும் ஜிப். ரைபிள் மேல் தப்பா, என் மேல் தப்பா என்று தெரியாமல் அறிக்கை எழுதக்கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் செக்ரட்டரி சார் பேனாவைத் திறந்துவிட்டார். டீலர் பெட்டியின் கொக்கியை நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நல்லபடியாக எழுது என்று கேட்பீர்களோ என்று ஒரு கணம் பயந்தேன். கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நீங்கள் கேட்டது வேறு.

"லைப்ரரி, இன்னொன்னு சுடு. நான் தாளைப் பாக்கப் போறதில்ல."

சுட்டேன். என் பக்கத்தில் மண்டியிட்டிருந்த நீங்கள் தாளையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. மூட்டையைப் பார்த்தீர்கள். பிறகு உங்கள் நீலப் புடவையின் மடியைப் பார்த்தீர்கள். அதில் மெல்லிய சாம்பல் நிறம் படிந்திருந்தது. வேறு ஊராக இருந்தால் முதல் குண்டிலேயே யாராவது கேட்டிருப்பார்கள். நம் ஊரில் கொடியில் காயும் வேட்டியிலிருந்து ஜன்னல் கம்பிவரை அந்த நிறம்தான். சாம்பல் என்பது நாம் யாரும் பார்க்காத நிறம். ஒவ்வொரு குண்டுக்கும் உங்கள் தையலின் ஊசித் துளைகள் வழியாக அது மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் வெடிமருந்துப் புகை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

நீங்கள் கட்டைவிரலால் மூட்டையை அழுத்தினீர்கள். குழி விழுந்தது. நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் குழி தானாக இன்னும் ஒரு நூல் இறங்கியது.

நீங்கள் எதுவும் சொல்லாமல் இருந்திருக்கலாம். இன்னும் எட்டு மூட்டைக்கு உங்களிடம்தான் சொல்லி வைத்திருந்தார்கள். ஊரையே தொட்டுப் பார்க்கச் சொன்ன மெத்தை அது. எழுந்து முட்டியைத் தட்டிவிட்டு நேராகப் போனீர்கள்.

"சார், பேனாவ மூடுங்க. ரைபிள் மேல தப்பு இல்ல. தையக்காரி மேல தப்பு."

"என்னம்மா சொல்றீங்க?"

"என் மூட்டை உக்காருது சார். துப்பாக்கி பாவம், மூட்டையோட சேந்து அதுவும் உக்காருது. அரை மணி நேரம் குடுங்க."

குமரேசன் அண்ணன் விடவில்லை. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

"கூடத்தைக் கட்டுனவளே கோணல்னு சொல்றேன்ணே. அப்புறம் இன்னா?"

செக்ரட்டரி சார் கைக்கடிகாரத்தைப் பார்த்து, டீலரைப் பார்த்து, பேனாவை மூடினார்.

உங்கள் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து நான் அப்படி ஒரு வேகத்தில் மந்தாரக்குப்பம் போனதே இல்லை. மணலுக்கு எங்கே போவது என்று வழியெல்லாம் கேட்டேன். கடையைத் திறந்ததும் தைத்துப் பாதியில் கிடந்த ஒரு காக்கி பேன்ட்டை எடுத்து, இரண்டு கால்களையும் கத்தரித்தீர்கள். யாரோ ஒரு சூப்பர்வைசருடைய யூனிபார்ம்.

"அக்கா! அவர் கேட்டா?"

"அரைக்கால் சட்டைன்னு சொல்லிக் குடுத்துடலாம். நீ அந்த டப்பாவத் திற."

டப்பாவில் ரேஷன் அரிசி இருந்தது. அந்த மாதம் வாங்கி இன்னும் வீட்டுக்குக் கொண்டுபோகாதது, அப்படியே. இரண்டு கால்களிலும் படி படியாக அள்ளிப் போட்டீர்கள். தரையில் ஓங்கித் தட்டித் தட்டி இறுக்கினீர்கள். மெஷினில் வாயை இரட்டைத் தையலாக அடைத்தீர்கள். விரலால் அழுத்தினால் கல் போல இருந்தது. மடிப்புக்கோடு இன்னும் கலையாமல், யாரோ படுத்திருக்க முழங்காலுக்குக் கீழே மட்டும் நம்மோடு வந்தது மாதிரி இரண்டு கால்கள். திரும்பும் வழியில் அவற்றை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தேன். சிக்னலில் ஒருவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

புதிதாக ஐந்து தாள். முதல் தாள் வந்ததும் நீங்கள் கோட்டுப் பட்டனை எடுத்து வைத்தீர்கள். ஐந்து ஓட்டையும் அதன் அடியில் காணாமல் போயின. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. நாலாவது தாளில் ஒன்று வெளியே போனது. அது என் அவசரம், அதையும் எழுதினேன். ஐந்தாவது மறுபடி பட்டனுக்குள். சட்டைப் பட்டன் எதையும் மறைக்கவில்லை. "சாமி வரல. பரவால்ல, பூசாரி வந்துட்டாரு" என்றீர்கள்.

அறிக்கையில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். விசை கனம், மரப்பிடியின் மெருகு சுமார், போல்ட் புதிது என்பதால் இறுக்கம், குறி நம்பலாம், இந்த விலைக்கு இது அதிகமாகவே கொடுக்கிறது. வெர்னியர் கணக்கில் சராசரி இருபத்து மூன்று மில்லிமீட்டரில் நின்றது. குமரேசன் அண்ணன் இரண்டாம் முறையும் அளந்து பார்த்துவிட்டு, வெர்னியரைத் துடைத்துக்கொண்டே, "மூட்டை நல்லாத்தான் தச்சிருக்கு" என்றார். மன்னிப்புக் கேட்கும் முறை அவருக்கு அதுதான்.

அடுத்த ஞாயிறு பெரிய தூக்குப் பாத்திரத்தில் இட்லியோடு வந்தீர்கள். கமிட்டி முழுக்கச் சாப்பிட்டு முடித்த பிறகு சொன்னீர்கள், "போன வாரம் சுட்டோமில்ல, அந்த அரிசி." செக்ரட்டரி சார் கையில் இருந்த இட்லியை ஒரு கணம் பார்த்தார். பிறகு இன்னும் இரண்டு கேட்டார். அன்றுதான் துப்பாக்கி இட்லி என்ற பேர் வந்தது. ஒவ்வொரு சோதனைக்கும் புது அரிசி, முடிந்ததும் இட்லி என்பது கிளப்பின் எழுதாத விதி ஆனது. பெண்கள் முறை காலை ஏழு மணிக்கு மாறியது. தாள் ஆடுவதை நிறுத்திக்கொண்டது.

போன மழைக்காலத் தொடக்கத்தில் காய்ச்சல் என்று படுத்தீர்கள். நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, "இன்னா புத்தகம் கொண்டாந்த?" என்றுதான் முதலில் கேட்டீர்கள். பாதிக் கதைதான் சொல்ல முடிந்தது. உங்களைக் கிடத்தியிருந்த அன்று, உங்கள் வீட்டில் எல்லார் முன்னாலும் எனக்கு அழ வரவில்லை. அடுத்த ஞாயிறு ஏழு மணிக்கு வந்து, போல்ட்டை இழுத்துத் தோட்டாவை ஏற்றும்போதுதான் கண்ணை நீர் மறைத்தது. தோட்டாவை எடுத்துவிட்டு, ரைபிளை இறக்கி வைத்துவிட்டு, சரியானதும் சுட்டேன். அதற்குமேல் இதில் எழுத மாட்டேன். உங்களுக்கே பிடிக்காது.

இன்றைய ரைபிள் வெளிநாட்டுச் சரக்கு, அக்கா. பணம் சேர்ந்துவிட்டது. பெட்டிக்கு உள்ளே வெல்வெட். டீலர் இளைஞர்; வார்த்தைக்கு வார்த்தை 'மேடம் மேடம்' என்றார். ஐந்து தாள் சுட்டேன். நான்கைக் கோட்டுப் பட்டன் மறைத்தது. சட்டைப் பட்டன் ஒன்றையும் மறைக்கவில்லை. நம் பூசாரி போடும் அதே குறி, மூன்று மடங்கு விலையில். எல்லார் முகமும் வாடியது. எனக்கும்தான், அது என் கையில் அவ்வளவு அழகாக உட்கார்ந்தது.

"மூட்டை சரியில்லையோ மேடம்?" என்றார் டீலர். "பேன்ட் கால் மாதிரி இருக்கே."

"பேன்ட் கால்தான் தம்பி" என்றார் குமரேசன் அண்ணன். "அழுத்திப் பாரு."

அவர் அழுத்தினார். குழி விழவில்லை. நான் இன்னொரு தடவை என் மூச்சையும் தோளையும் சந்தேகப்பட்டு, தோட்டா ரகத்தை மாற்றி, இன்னும் ஐந்து தாள் சுட்டேன். அதே குறிதான். ரைபிள் நல்லது, விலைக்கு ஈடில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அறிக்கையின் முதல் வரியில் எப்போதும் போல, எதன்மேல் வைத்துச் சுட்டோம் என்பதை எழுதினேன்.

கோட்டுப் பட்டன் என் பர்ஸில் இருக்கிறது. மூட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து, உங்கள் இரட்டைத் தையலைப் பிரிக்காமல், நீங்கள் பிறகு வைத்த பக்கவாட்டு வாயை மட்டும் அவிழ்த்து அரிசியைக் கொட்டினேன். இப்போது உளுந்தும் அதுவும் தனித்தனியாக ஊறிக்கொண்டிருக்கின்றன. வாங்காத ரைபிளுக்கு இட்லி உண்டா என்று குமரேசன் அண்ணன் கேட்டார். உண்டு என்று சொல்லிவிட்டேன்.