மூன்றாவது படத்தில் தண்ணீர் இல்லை

ஜூன் 10, செவ்வாய்

காலையிலேயே வெயில். திருப்பூரிலிருந்து வந்த பெட்டிகளில் மூன்று இன்னும் பிரிக்கவில்லை. மிக்சி மூடியைக் காணோம்.

மகள் யாழினியை இந்த ஊர்ப் பள்ளியில் சேர்த்தாயிற்று. ஒன்பது வயது, பேச்சு இல்லை, எதையும் படமாகக் காட்டினால்தான் பிடிபடும். ஹெச்.எம். டீச்சர் சொன்னது: "ஸ்பெஷல் டீச்சர் வாரத்துல ரெண்டு நாள் வருவாங்க. மத்த நாள் நாங்க பாத்துக்குறோம், பயப்படாதீங்க சார்." சார் என்றதுமே பயம் வந்துவிட்டது. என்னை யாரும் சும்மா சார் என்பதில்லை.

பள்ளிக்கு நடந்து போகும் வழி பற்றி மட்டும் கவலை இல்லை. திருப்பூர்ப் பள்ளியில் அவளுக்கிருந்த மிஸ் சொன்னபடி போன மாதமே இங்கே வந்து படம் எடுத்து அட்டையில் ஒட்டினேன். கேட், வேப்பமரம், வாய்க்கால், தண்ணீர்த் தொட்டி, பள்ளி. குடிவந்ததிலிருந்து தினமும் கூட்டிப்போய்ப் பழக்கினேன். இப்போது எனக்கு முன்னால் போகிறாள். கொஞ்சம் பெருமை.

ஜூன் 12, வியாழன்

மேட்டூர் அணையைத் திறந்தாயிற்றாம். டீக்கடையில் ஒரே குஷி.

"கல்லணைக்கு வந்துட்டா அப்புறம் நம்ம வாய்க்கா எம்மாம் தூரம்!"

டீயைப் பாதியில் வைத்தேன். அட்டையில் மூன்றாவது படம் வாய்க்கால். கோடையில் ஊரே காய்ந்த வாய்க்காலுக்குள் இறங்கி ஏறித்தான் போகும். நானும் அவளை அப்படியே பழக்கிவிட்டேன். நான் பிறந்தது கும்பகோணம் பக்கம். பெரிய டெல்டாக்காரன்.

மனைவி செல்வி ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து வந்ததும் சொன்னேன்.

"ஏங்க, ஜூன்ல தண்ணி வரும்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம்?"

அவளுடைய ஆஸ்பத்திரி வேலைக்காகத்தான் ஊர் மாறினோம்; பள்ளி வழி ஒன்றுதான் என் பொறுப்பு. அவள் அதைக்கூடச் சொல்லிக் காட்டவில்லை.

ஜூன் 14, சனி

புழுக்கம். கொஞ்சம் தள்ளியிருக்கும் பாலத்தைப் படம் எடுத்து, அட்டையில் வாய்க்கால் படத்தின் மேல் ஒட்டினேன். யாழினி உரித்தாள். மறுபடி ஒட்டினேன். உரித்து, நான்காக மடித்து, என் சட்டைப் பையில் வைத்தாள்.

சுற்று வட்டாரத்தில் தண்ணீர் தாமதமாக வரட்டும் என்று வேண்டுகிறவன் நான் ஒருவன்தான். தெரிந்தால் உதைப்பார்கள்.

ஜூன் 17, செவ்வாய்



பள்ளிக்குக் கிளம்பினோம். அவள் கை என் பிடியில். வாய்க்கால் கரையில் கூட்டம், பெண்கள் கையில் பூ, நெல். "தண்ணி வந்துடுச்சு!" நுரையும் சருகுமாக வந்தது. பார்த்ததும் கும்பிட்டுவிட்டேன். சின்ன வயதுப் பழக்கம். கும்பிட இரண்டு கையும் வேண்டுமே.

திரும்பினால், உள்ளே நிற்கிறாள். முழங்கால் வரை. பையோடு.

"மொத ஆளா பாப்பா எறங்கிடுச்சு பாரு, மகராசி!" பூவை அவள் மேலும் தூவினார்கள். சிரிப்பு. நான் குதித்துத் தூக்கினேன். அட்டையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். மூன்றாவது படத்தில் விரல். சரியாகத்தானே வந்தேன் என்பது போல.

ஜூன் 18, புதன்

வாய்க்காலில் இடுப்பளவு. பாலம் வழியாகத் தூக்கிக்கொண்டு போனேன். வழி முழுக்க அலறல், என் கையில் கடி.

"கையில என்ன சார், ரத்தம்?"

"அட்மிஷன் சீல், டீச்சர்."

அவர் சிரிக்கவில்லை.

மாலை. அட்டையை மடியில் வைத்து விரலால் நடக்கிறாள். கேட். வேப்பமரம். வாய்க்கால். விரல் நின்றுவிட்டது. முதல் தடவை. என்னைப் பார்க்கிறாள். பாலத்தின் படம் எந்தச் சட்டைப் பையில் இருக்கிறது? தேடப் போகிறேன்.