வேகவச்ச கம்பி

ஃபுளோரிடா, கரும்பு முகாம்
1974 ஜனவரி 13

அடியே மாவிஸ்,

நல்லா இருக்கியான்னு கேட்டுத்தான் கடிதாசி தொடங்கணும். கேக்க வரல. வயிறு எரியுது.

புதுசா வந்து இறங்கின ஆளுங்கள்ல நம்மூரு லின்வலும் இருக்கான். இங்க சமையக்காரன் சோறுன்னு ஒண்ணு போடுவான், அதை எடுத்துச் சுவத்துல அப்பினா பூச்சு வேலை மிச்சம். அதைத் தின்னுக்கிட்டே லின்வல் சொல்றான்: "எவரால்டு, உன் பொண்டாட்டி உன் பேஸ் கிட்டார்க் கம்பியைக் கழட்டி, சட்டியில போட்டு வேகவச்சு, துணிக்கொடியில காயப்போட்டிருக்காடா. ரெண்டு பாவாடைக்கு நடுவுல நாலு கம்பியும் ஆடுது." கொட்டகை முழுக்கச் சிரிச்சாங்க மாவிஸ். சமையக்காரன்கூடச் சிரிச்சான்.

கம்பி என்ன வாழைக்காயா, வேகவைக்க?

அது புதுசுல சைக்கிள் மணி மாதிரி கத்துச்சு. என் வேர்வை ஏறி, நீ பொரிச்ச மீனைத் தின்ன விரல் எண்ணெய் ஏறி, ஆட வந்த சனம் கிளப்பின புழுதி ஏறி, அஞ்சு வருஷத்துலதான் அதுக்கு அந்தக் கதகதப்பு வந்துச்சு. மலைக்கு அந்தாண்ட இடி உருள்ற மாதிரி. போகிள் அண்ணன் தன்னோட பாட்டுக் குழுவுல என்னை வச்சிருக்கிறதே அந்தச் சத்தத்துக்காகத்தான். மே மாசம் நான் திரும்பினதும் கிங்ஸ்டன்ல ரெக்கார்டு போடுறாரு. எங்க போய் நிப்பேன் இப்ப? அஞ்சு வருஷத்தைக் கரைச்சு வாசல்ல ஊத்திட்டியே.

ஏன் செஞ்சே? பதில் எழுது. அதுவரைக்கும் கிட்டாரைத் தொடாதே.

எவரால்டு


மகாகனி ஹில், ஜமைக்கா
பிப்ரவரி 3

எவரால்டு,

பக்கம் பூரா கம்பி. நம்ம மக டல்ஸி பேரு எங்கயாச்சும் இருக்கான்னு பின்பக்கம் திருப்பிக்கூடப் பாத்தேன். கிறிஸ்மஸ்ல இருந்து புள்ளைக்கு நெஞ்சுச் சளி. உனக்குத் தெரியாது. நீ கேக்கல.

ஏன் செஞ்சேன்னு கேட்டேல்ல, சொல்றேன். ஊர்ல திடமா இருந்த ஆம்பளைங்க அத்தனை பேரும் கரும்பு வெட்டப் போயிட்டீங்க. சபையில பாட்டு இருக்கு, கைத்தட்டு இருக்கு, பேஸ் இல்ல. பாஸ்டர் வந்து, "சகோதரி, அந்தக் கிட்டார் சும்மாதானே கிடக்கு"ன்னாரு. அவரு வீட்டுச் சேவல் என் கீரையை மொட்டையடிச்சதைப் பத்தி மட்டும் அந்த மனுஷன் வாயே திறக்கல, அது வேற கதை. பெட்டியைத் திறந்தா ஒரே ரம் வாடை. கம்பி கரிச்சட்டி மாதிரி கருப்பு. இதையா ஆண்டவர் முன்னாடி கொண்டு வைக்கிறது? ஞாயித்துக்கிழமைக்குன்னு வெள்ளைத் துணியெல்லாம் சனிக்கிழமை வேகவச்சுத்தானே வெளுக்கிறோம்? அதோட அதையும் போட்டேன்.

யாரு வாசிக்கிறாங்கன்னும் நீ கேக்கல. நானே சொல்றேன். நான்தான்.

ஒம்பது வருஷமா நீ உள்ள வாசிச்சே, நான் அடுப்படியில நின்னு கேட்டேன். விரல் எங்க போகணும்னு என் காதுக்குத் தெரியும். விரலுக்குத்தான் கொஞ்ச நாள் ஆச்சு.

கம்பி கத்துறது எனக்கும் கேக்குது. எனக்கும் ஆகல. எந்தக் கம்பி போட்டா கதகதப்பா வரும்? திட்டி முடிச்சதும் அதைச் சொல்லு.

மாவிஸ்


கரும்பு முகாம்
பிப்ரவரி 24

மாவிஸ்,

இதை நான் லின்வல்கிட்டச் சொல்லல. சொன்னா மிச்சமிருக்கிற மானமும் போச்சு.

உன்னை யாருடி வாசிக்கச் சொன்னா? நான் இங்க தீ வச்சுக் கருக்கின கரும்புல முகமெல்லாம் கரியா, குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு ஒடிஞ்சு கிடக்கேன். நீ அங்க என் கிட்டாரை மாட்டிக்கிட்டு நிக்கிறே. அந்தப் பட்டை என் தோளுக்கு அளவு வச்சது.

நீ பாட்டுக்கு எதையாச்சும் வாங்கி மாட்டி கிட்டார்க் கட்டையையும் கெடுத்துருவே, அதுக்காகச் சொல்றேன். கம்பி மேல சுத்தியிருக்குமே, அது ரெண்டு விதம். உருண்டையாச் சுத்தினது விரலுக்குக் கரகரன்னு இருக்கும், பளிச்சுனு கத்தும். தட்டையாச் சுத்தினது பாம்பு முதுகு மாதிரி வழவழன்னு போகும். கதகதப்பு அதுலதான். தடிமனாவும் இருக்கணும். அடிப்பக்கம் கம்பி முடியுற இடத்துல ஒரு துண்டு பஞ்சு சொருகுவாங்க, சத்தம் நீண்டு இழுக்கிறது அடங்கிரும். கழுத்துப் பக்கமாப் போய் பெருவிரலால தட்டினா இன்னும் குழையும்.

போன சனிக்கிழமை டவுன் பஸ்ல போய் தட்டைக் கம்பி ஒரு கட்டு வாங்கிட்டேன். கடைக்காரன், "இப்ப எல்லாரும் உருண்டைதான் வாங்குறாங்க"ன்னான். "எல்லாரும் உன் வீட்டுக்கு வரட்டும், எனக்குத் தட்டை குடு"ன்னேன். இது எனக்கு. நான் வந்து மாட்டுவேன். கிட்டாரைப் பெட்டியில வச்சுப் பூட்டு.

எவரால்டு


மகாகனி ஹில்
மார்ச் 14

எவரால்டு,

டல்ஸிக்குச் சளி குறைஞ்சிருக்கு. நீ கேட்டதா வச்சுக்கிட்டுச் சொல்றேன்.

பூட்டச் சொன்னே, பூட்டல. பஞ்சு சொருகச் சொன்னே, சொருகிட்டேன். எங்க கிடைச்சுதுன்னு கேளு. மெத்தையைக் கிழிச்சேன். உன் பக்கம், இடுப்பு வர்ற இடம். சும்மாதானே கிடக்குது.

மீன் பொரிச்சா கையைக் கழுவாமப் போய் வாசிச்சேன். கொஞ்சம் கொஞ்சமா கத்துறது நின்னு, உறுமத் தொடங்கிருச்சு. சபையில கடைசி பெஞ்சுக்காரங்க, "காதுல இல்ல மாவிஸ், வயித்துல கேக்குது"ன்றாங்க.

நம்மூர்த் தையல்காரர் அடக்கத்துக்குப் போகிள் வந்திருந்தாரு. சபைக்கு வெளிய நின்னே நான் வாசிச்சதைக் கேட்டுட்டு, "எவரால்டு வந்துட்டானா?"ன்னு உள்ள எட்டிப் பாத்தாரு. "கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பாரும், பாவாடை கட்டியிருக்கேன்"னேன். செத்தவரு பொண்டாட்டிகூடச் சிரிச்சுட்டா. கிளம்பறப்ப போகிள், "ஸ்டுடியோக்காரன் ஈஸ்டருக்கு முன்னாடியே நாள் குடுத்துட்டான். எவரால்டுக்காக நிக்க முடியாது. நீ வந்து வாசி"ன்னாரு. "அது என் வீட்டுக்காரன் இடம், கேட்டுச் சொல்றேன்"னேன்.

கேக்குறேன். போகட்டுமா?

பதில்ல உன் மகளைப் பத்தியும் ஒரு வரி எழுது.

மாவிஸ்


கரும்பு முகாம்
மார்ச் 27

மாவிஸ்,

போகாதே.

என் இடத்துல நீ உக்காந்துட்டா நான் வந்து எங்க உக்காருவேன்? ஊரு என்னை என்னன்னு கூப்பிடும்? மாவிஸ் புருஷன்னா? நீ வாசிச்சேன்னு கேள்விப்பட்டேன்னா மே மாசம் விமானம் ஏற மாட்டேன். மயாமியில வேலை இருக்குன்றாங்க. விளையாட்டுக்குச் சொல்லல.

லின்வல் கத்தியைக் கால்ல போட்டுக்கிட்டான், ஊருக்கு அனுப்புறாங்க. தட்டைக் கம்பிக் கட்டை அவன்கிட்டக் குடுத்திருக்கேன். நீ சொல்பேச்சு கேக்கமாட்டே. என் கிட்டார் வேகவச்ச கம்பியோட ரெக்கார்டுல ஏறக் கூடாது. இது உனக்காக இல்ல. கிட்டாருக்காக.

எவரால்டு


மகாகனி ஹில்
ஏப்ரல் 16

எவரால்டு,

போனேன். வாசிச்சேன். ரெண்டு பாட்டு.

லின்வல் நொண்டிக்கிட்டே வந்து கட்டைக் குடுத்தான். பிரிக்கல, இதோட அனுப்பியிருக்கேன். புதுசுல எதுவும் கத்தும்னு நீதான் எழுதினே. வேகவச்சது எனக்குப் பழகிருச்சு. ஸ்டுடியோக்காரன், "என்ன கம்பிம்மா இது, இப்படிக் குழையுது?"ன்னு கேட்டான். "வேகவச்சது"ன்னேன். எத்தனை நேரம் வேகணும்னு கேட்டு எழுதிக்கிட்டான், பைத்தியக்காரன்.

கம்பிக்கு அஞ்சு வருஷக் கணக்கு சொன்னியே. டல்ஸிக்கும் அஞ்சு வயசுதான். நீ எழுதின கடிதாசி எதுலயும் அவ இல்ல. இருமல் நின்னுருச்சு. நான் வாசிக்கிறப்ப கிட்டார் மேல காதை வச்சுக்கிட்டு அப்படியே தூங்கிடுறா.

மயாமிக்குப் போறதுன்னா போ. அங்கயும் கிட்டார் இருக்கும், இந்தக் கம்பியை அதுல மாட்டிக்கோ. இங்க வர்றதுன்னா ஒண்ணு தெரிஞ்சுக்கோ. மெத்தையில உன் பக்கம் பள்ளம் அப்படியே இருக்கு. அடைக்க மாட்டேன். அந்தப் பஞ்சுத் துண்டு கிட்டாருக்கு வேணும்.

அந்தப் பள்ளத்துல படுக்க முடியும்னா வா.

மாவிஸ்