திமிங்கிலத்தின் பின்னங்கால்கள்

மார்ச் 4
தம்பி வேலை பார்க்கும் அருங்காட்சியகத்திலிருந்து என் வெல்டிங் பட்டறைக்கு ஒரு வேலை. ஆதிகாலத் திமிங்கிலத்தின் எலும்புகளை நிறுத்த இரும்புச் சட்டம் வேண்டுமாம். அதற்குப் பின்னங்கால்கள் வேறு இருந்தனவாம்.
"காலு இருந்தா அது ஏன்டா கடலுக்குப் போச்சு?" என்றேன்.
"உன் வாய்க்குப் பயந்துதான்க்கா."
தேறிவிட்டான் பயல்.

மார்ச் 9
அளவெடுக்கப் போனேன். இது தனிப் பேரினம் என்று சொல்லிப் பெயர் வைத்தவனே என் தம்பிதான். மண்டை ஓடும் கால்களும் ஒரே பள்ளத்தில், கொஞ்சம் தள்ளித் தள்ளிக் கிடந்தவை. இரண்டும் ஒரே உடம்பு என்கிறான். வெளியூர் நிபுணர் ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை. கழுத்தை நீட்டி நீட்டிப் பேசுகிறார். கொக்கு என்று பெயர் வைத்துவிட்டேன். மண்டை ஓடு முன்பே தெரிந்த திமிங்கிலத்துடையது, கால் வேறு எதனுடையதோ என்பது அவர் கட்சி. அது சரியென்றால் தம்பி வைத்த பெயர் அடிபட்டுப் போகும்.

மார்ச் 15
முதுகுக்கு வெல்டிங், காலுக்கு போல்ட் என்று சொல்லியிருந்தான். சந்தேகம் தீராத எலும்பைக் கழற்றும்படிதான் மாட்டுவார்களாம். கொக்குக்குப் பயந்து என் தம்பி பின்வாங்குவதா? கால் தாங்கிகளையும் சட்டத்தோடு சேர்த்துப் பற்றவைத்து, பிசிறு தேய்த்து, கறுப்பு பெயின்ட்டும் அடித்துவிட்டேன்.

மார்ச் 16
"அக்கா, போல்ட்னுதானே சொன்னேன்?"
"எனக்குத்தான் உன்மேல சந்தேகம் இல்லையே."
அவன் சிரிக்கவில்லை.

மார்ச் 30
மழை. வேலை இல்லை. நன்றாகத் தூங்கினேன்.

ஏப்ரல் 11
தம்பி வந்தான். தட்டில் வைத்ததைத் தொடவில்லை. கால் எலும்பின் இடுக்கில் ஒட்டியிருந்த கல்லைச் சுரண்டி, மண்டை ஓட்டுக் கல்லோடு வைத்துச் சோதித்திருக்கிறான். இரண்டும் ஒரே காலத்துப் பாறை இல்லையாம். நடுவில் பல லட்சம் வருஷம்.
"வேற யாருக்குத் தெரியும்?"
"இப்போதைக்கு உனக்கு."
"அப்போ அந்தக் கல்லுத் தூளைத் தண்ணியில கழுவி விட்டுட்டுப் பேசாம இருடா."
"இருக்கலாம்க்கா. ஆனா தினமும் அது நிக்கிற ஹால் வழியாத்தான் நான் உள்ள போகணும்."
நான் ஏன் அப்படிச் சொன்னேன்? அவன் மூஞ்சி வாடினா போதும், எனக்குப் புத்தி எங்க போய்த் தொலையுதோ —

ஏப்ரல் 12
கொக்குக்கு அவனே போன் செய்து சொல்லிவிட்டான்.

மே 6
கால் தாங்கிகளை அறுத்தெடுக்கச் சட்டம் பட்டறைக்குத் திரும்பி வந்தது. நான் அறுக்கும் கிரைண்டரைப் பிடிக்க, சட்டத்தின் மறுமுனையைத் தம்பி பிடித்துக்கொண்டான்.
"விஞ்ஞானி, கண்ணுக்குக் கண்ணாடியப் போடு. இனத்தைத்தான் தொலைச்ச, கண்ணையும் தொலைக்காத."
சிரித்தான். அப்பாடா.
நான் போட்ட வெல்டிங் ஆயிற்றே, லேசில் விடவில்லை. பொறி பறந்து என் செருப்பு வார் கருகியது.
"கொக்கு என்னடா சொன்னாரு?"
"அடுத்த தடவை தோண்ட சேர்ந்து போவோமான்னு கேட்டாரு."
"போ. உனக்கும் கழுத்து நீளட்டும்."

மே 9
கால்களுக்குத் தனியாக ஒரு சின்னத் தாங்கி செய்து கொடுத்தேன். பக்கத்தில் வைக்கும் பலகையில் 'எந்த விலங்கு என்று தெரியவில்லை' என்று அவனே எழுதியிருக்கிறான். இந்த முறை எல்லாமே போல்ட்.
"ரொம்ப முறுக்கிடாதக்கா" என்றான்.
கையாலேயே கழற்றுகிற மாதிரிதான் விட்டிருக்கிறேன்.