இன்னும் அப்பாவுக்குப் போகிறது

சின்னக்குட்டி,

சாப்பாடு அடுப்பு மேலேயே இருக்கிறது, சூடு பண்ணிச் சாப்பிடு. நான் டியூட்டிக்குப் போகிறேன்.

கம்ப்யூட்டரைத் தொடாதே. இன்டர்நெட் ஒயரைக் கழற்றி வைத்திருக்கிறேன், மாட்டிவிடாதே. நீ காலேஜுக்குக் கிளம்பியதும் ரிப்பேர்க்காரர் வந்து பார்த்தார். உள்ளே வேவு பார்க்கிற புரோகிராம் ஒன்று இருக்கிறதாம். நாம் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தையும் வெளியே அனுப்புகிறதாம்.

கம்ப்யூட்டர் நின்று நின்று போகிறதே, கண்டதையும் டவுன்லோட் பண்ணினாய் என்று நேற்று உன்மேல் பாய்ந்தேன். காரணம் நீ இல்லை.

"இது வெளியிலேருந்து வரலைம்மா. வீட்டு ஆளு யாரோ உக்காந்து போட்டிருக்காங்க" என்றார். அது போய்ச் சேருகிற முகவரியையும் காட்டினார். அப்பாவுடைய மெயில்.

நீ பத்தாவது படிக்கும்போது உன்னைக் கண்காணிக்க அவர் போட்டது. "என்னை நம்பலையாப்பா?" என்று நீ சண்டை போட்டதும், எடுத்துவிட்டேன் என்றாரே, அந்த மனுஷன் எடுக்கவே இல்லை. கடைசிவரை நீ அவரிடம் சரியாகப் பேசவும் இல்லை. அவர் செத்து ஒரு வருஷம் ஆகிறது. இன்னும் நாம் தட்டுவதெல்லாம் அவருக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

ரிப்பேர்க்காரர் சாயங்காலம் அதை அழிக்க வருவார். நான் வரும்வரை எதையும் அழிக்க விடாதே. காபி கொடுத்து உட்கார வை.

அம்மா

பி.கு.: பாஸ்வேர்டு எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமாம். உன் போனிலிருந்தே மாற்று.

இன்னொன்று. வந்ததும் நானே ஒயரை மாட்டுவேன், கத்தாதே. அழிப்பதற்கு முன்னால் அவருக்கு நான் கொஞ்சம் தட்ட வேண்டும். உனக்கும் ஏதாவது சொல்ல இருந்தால் யோசித்து வை.