தொட்டியடியில் ஒரு கிளாஸ் தேத்தண்ணி

நானா,

நேற்று டவுனுக்குப் போயிருந்தேன். மழை பிடித்துக்கொண்டது. உங்கள் தேத்தண்ணிக் கடை இருந்த இடத்தில் இப்போது கைபேசிக் கடை. அதன் தாழ்வாரத்தில் ஒதுங்கியபோது காலில் ஒரு கல் தட்டியது. குனிந்து பார்த்தேன். ஒரு பக்கம் வழுவழுவென்று வளைந்த கருங்கல். கடைக்காரப் பையனுக்கு அது வெறும் படிக்கட்டு. எனக்கு அது எது என்று தெரியும். மழை விட்டும் நான் நகராமல் நின்றேன்.

அங்கேயே நின்று எதிரில் இருந்த பலகையைப் படித்தேன். ஆமாம் நானா, படித்தேன். போன வருடம்தான் வாசகசாலை வகுப்பில் சேர்ந்தேன். இப்போது பஸ்ஸில் பெயர் பார்த்து ஏறுகிறேன், யாரிடமும் கேட்பதில்லை. ஒரு நாள் வேண்டுமென்றே பொகவந்தலாவை பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததிலும் அதே பெயரைப் படித்துப் பார்த்து ஏறினேன். அந்தச் சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று இன்னும் படிக்கவில்லை.

மூன்று மொழிப் பலகையில் தமிழில் ‘பஸ் நிலையம்’ என்று எழுதியிருக்கிறது. தொட்டியடி என்று எங்குமே இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

டவுனுக்கு நடுவில் இருந்த அந்தக் கல்தொட்டி வெள்ளைக்காரத் துரைமார் குதிரைக்குத் தண்ணீர் காட்டக் கட்டியது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். பிறகு அரிசி ஏற்றிவந்த வண்டிமாடுகள் குடித்தன. உங்கள் வாப்பா அந்த வண்டிகளோடு வந்து கடை போட்டவர். மோட்டார் வந்தபின் தொட்டி காய்ந்தது. காய்ந்த பிறகுதான் அது எங்களுடையது ஆனது. ஞாயிற்றுக்கிழமையில் எந்தத் தேயிலைத் தோட்டத்து ஆளும் வந்து அதன் விளிம்பில் உட்காரலாம். யாரும் எழுப்ப மாட்டார்கள்.

சுதந்திரம் கிடைத்தபோது அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில்தான் கம்பம் நட்டுக் கொடி ஏற்றினார்கள். நாங்களும் கை தட்டினோம். அதே வருடம், இந்தியாவிலிருந்து வந்த வம்சம் என்று எங்களுக்குப் பிரஜாவுரிமை இல்லை என்றார்கள். என் அப்பா உங்கள் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். நீங்கள் மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னது நினைவிருக்கிறது. “அவங்க என்னமும் சொல்லட்டும் அண்ணே. தொட்டியடி இருக்குதானே. வந்து இரிங்க.”

தொட்டியடி இல்லையென்றால் எங்களுக்குக் கல்யாணமே இல்லை. வெளித்தோட்டத்து ஆள் எங்கள் லயத்து வீடுகளுக்குள் வந்தால் கங்காணி கேட்பார், கணக்கப்பிள்ளை கேட்பார், விஷயம் துரைவரைக்கும் போகும். அதனால் பெண் பார்ப்பது தொட்டியடியில். பெண் வீட்டார் சந்தைக்கு வந்தவர்கள் போலத் தொட்டி விளிம்பில் உட்காருவார்கள். மாப்பிள்ளை வீட்டார் எதிரே உங்கள் பெஞ்சில் தேத்தண்ணி குடிப்பார்கள். பிடிக்கவில்லை என்றால் குடித்துவிட்டுப் போய்விடலாம். பிடித்தால் இன்னொரு தேத்தண்ணி கேட்க வேண்டும். அதை நீங்களே கொண்டுபோய்ப் பெண்ணின் அப்பாவிடம் கொடுப்பீர்கள். அவர் குடித்தால் சம்மதம். கிளாஸைக் கவிழ்த்து வைத்தால் இல்லை. வாய்விட்டு ஒரு வார்த்தை வேண்டாம், யாருக்கும் தலைகுனிவு இல்லை.

நான் பெண் பார்க்க வந்த அன்று நல்ல மழை. தாய்மாமன் என்னைப் பெஞ்சில் உட்கார வைத்து, “தொட்டி மேல இருப்பாங்க, பாத்துக்க” என்று சொல்லிவிட்டு வெற்றிலை வாங்கப் போய்விட்டார். பார்த்தேன். தலையோடு கம்பளி போர்த்திக்கொண்டு ஓர் அப்பாவும் மகளும். அப்பா தும்மிக்கொண்டே இருந்தார். அவர் ஒவ்வொரு முறை தும்மும்போதும் அந்தப் பெண் கம்பளிக்குள் முகத்தை மறைத்துச் சிரித்தாள்.

“நானா, இன்னொரு தேத்தண்ணி” என்றேன்.

நீங்கள் என்னை ஒரு தரம் பார்த்தீர்கள். அப்புறம் இஞ்சியைத் தட்டிப் போட்டுக் கொண்டுபோனீர்கள். சளி பிடித்த மனுஷன், ஏன் எதற்கு என்று கேட்காமல் ஒரே மூச்சில் குடித்துவிட்டார். கிளாஸ் காலியான பிறகுதான் கேட்டார், “யாரு வாங்கிக் குடுத்தா?”

அந்த நேரம்தான் மாமா ஓடிவந்தார். அவர் பின்னால் சொட்டச் சொட்ட நனைந்தபடி நாங்கள் பார்க்க வந்த பெண் வீட்டார். வழியில் மண் சரிந்து நேரமாகிவிட்டதாம். தொட்டியில் இருந்தவர்கள் அவர்களே இல்லை. மருந்து வாங்க டவுனுக்கு வந்தவர்கள்.

தொட்டியடியே எங்களைப் பார்த்தது. வந்த பெண்ணின் அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. “வரச்சொல்லிட்டு வேற எடத்துக்கு தேத்தண்ணி அனுப்புறீங்களா?” என்றார். நீங்கள் நடுவில் வந்து நின்றீர்கள். “கோவிக்காதீங்க அண்ணே. மழையில எனக்குத்தான் கண்ணு தெரியல்ல. ஆள் மாறிக் குடுத்துட்டேன். பெசகு என்ட மேல.”

அப்போது நனைந்து வந்த அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னாள், “விடுங்கப்பா. கொடிக்கம்பம் மாதிரி நிக்கிறாரு. இவரோட பேசணும்னா நான் தொட்டி மேல ஏறி நிக்கணும்.” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் அப்பாவும் கடைசியில் சிரித்துவிட்டார். அந்த மகராசி எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

ஆனால் தும்மல்காரர் சிரிக்கவில்லை. “ஒரு கிளாஸ் தேத்தண்ணிக்குப் பொண்ணைக் குடுக்கணுமா?” என்று கேட்டார்.

“குடுக்கத் தேவல்ல” என்றீர்கள் நீங்கள். “வேணாம்னா கிளாஸக் கவுத்து வைங்க. முடிஞ்சிச்சு.”

அவர் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கவிழ்த்தால் நான் அந்தச் சிரிப்பை இனிமேல் எங்கே போய்த் தேடுவேன்? எந்தத் தோட்டம், எந்த லயம் என்றுகூட எனக்குத் தெரியாது. அவர் கையைத் திருப்பப் போனார். மகள் அவர் கையிலிருந்து கிளாஸை வாங்கினாள். மழையில் நனைந்துகொண்டே அந்தச் சதுக்கத்தைக் கடந்து வந்தாள். உங்கள் மேசையில், என் கிளாஸுக்குப் பக்கத்தில், அதை நிமிர்த்தி வைத்தாள். திரும்பிப் போய் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டாள். அவர் மகளைப் பார்த்தார், மறுபடி தும்மினார். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

“இஞ்சி நல்லாத்தான் இருந்திச்சு” என்றார். அதுதான் எங்கள் நிச்சயதார்த்தம்.

பஸ் திரும்ப இடம் வேண்டும் என்று தொட்டியை உடைத்தது அறுபதுகளின் நடுவில். எங்கள் ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பப் போகிறார்கள் என்ற பேச்சு வந்த நேரம். தொட்டியடியில் யாரைப் பார்த்தாலும் “போறீங்களா, இருக்கீங்களா?” என்பதுதான் கேள்வி. கல்லை உடைப்பதைப் பார்த்துக்கொண்டு நாம் இருவரும் நின்றோம். அப்போதுதான் நான் கேட்டேன், அன்றைக்கு உண்மையிலேயே கண் தெரியவில்லையா என்று.

“மருந்து வாங்க வந்த ஆளையும் தெரியும், வரவேண்டிய ஆளையும் தெரியும்” என்றீர்கள். “அந்த பெஞ்சில இருந்து கேட்டவனெல்லாம் மாமன் மூஞ்சியப் பாத்துத்தான் கேப்பான். நீ மட்டும்தான் அந்தப் புள்ளயப் பாத்துக்கிட்டே கேட்ட. எப்படி நான் கொண்டு போகாம இரிக்க?”

பிறகு உடைத்தவர்களிடம் பேசி ஒரு விளிம்புக்கல்லை வாங்கி உங்கள் வாசலில் படியாகப் போட்டீர்கள். “இனி வர்றவங்க இதுல இரிக்கட்டும்” என்றீர்கள்.

நீங்கள் போய்ப் பல வருடமாகிறது. உங்கள் மையத்து அடக்கத்துக்கு வந்தபோது நானும் அவளும் அந்தக் கல்லில்தான் உட்கார்ந்திருந்தோம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அவள் அடுப்படியிலிருந்து கேட்கிறாள், “என்னத்தை அவ்வளவு நேரமா எழுதுறீங்க?”

“நானாவுக்கு. தொட்டியடியப் பத்தி.”

“அப்பா தும்முனதையும் எழுதுங்க. அதை விட்டுறாதீங்க.”

எழுதிவிட்டேன் என்றேன். நான் படித்த எழுத்துகளில் தொட்டியடி என்ற வார்த்தையை இதுவரை யாரும் எனக்கு எழுதிக் காட்டவில்லை. கூட்டிக் கூட்டி நானே எழுதினேன். சரியாகத்தான் இருக்கும்.

தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாள், நானா. இஞ்சி வாசம் வருகிறது. குடித்துவிட்டுக் கிளாஸை நிமிர்த்தி வைப்பேன். இத்தனை வருடமாக இந்த வீட்டில் கழுவிய கிளாஸைக்கூட நாங்கள் கவிழ்த்து வைத்ததில்லை.